தீயில் காயாத பறை: மென்பொருள் இசைக்கருவிகள் குறித்துச் சில விமர்சனங்கள்

1

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் பூசை மேளத்துக்கு இப்போது ஆள் வேண்டியதில்லை. இரும்புச் சட்டம் ஒன்றில் ஒரு மேளமும் சேகண்டியும் மணிகளும் பொருத்தியிருக்கும். நடுவில் ஒரு மின்மோட்டார். தீபாராதனைக்குச் சுவிட்சைத் தட்டினால் மோட்டார் சுற்றும், சுற்றுகிற தண்டு கோல்களைத் தூக்கித் தூக்கிப் போடும், மண்டபமே அதிரும். சுவிட்சை அணைத்தால் நின்றுவிடும். அதற்குக் கூலி இல்லை, சாப்பாடு இல்லை, நோம்பிக்கு வேட்டி துண்டு இல்லை. மோட்டார் பம்புக்குப் பேர்போன மண்ணில் சாமிக்கும் ஒரு மோட்டார்.

அந்த மேளம் நிற்கிற இடத்தைப் பாருங்கள். கருவறைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கிறது. அதே ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டு என்றால் தெருத்தெருவாகத் தப்பட்டை அடித்து ஊருக்குச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அருந்ததியர்கள், பறையர்கள். அவர்கள் நிற்கிற இடம் எது? சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவு அதிகாரச் சட்டம் வந்தது 1947இல். இன்றைக்கும் கோயிலுக்குள் விடச்சொல்லி மனுவும் மறியலுமாக அலைய வேண்டிய ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அடிக்கிற கை வெளியில், அடி மட்டும் உள்ளே. இதற்காகவே எவனோ திட்டம் போட்டு மோட்டார் மேளத்தைக் கண்டுபிடித்தான் என்று சொல்ல வரவில்லை. மோட்டாருக்குச் சாதி தெரியாது. ஆனால் எந்த எந்திரத்தை உள்ளே விடுவது, எந்த மனுசனை வெளியில் நிறுத்துவது என்று முடிவு செய்கிறவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

இன்றைக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து விசைப்பலகையில் ஒரு கட்டையை அமுக்கினால் பறை ஒலிக்கிறது. பறை என்று பெயர் போட்டு ஒலித்துண்டுகள் விலைக்குக் கிடைக்கின்றன. சினிமாவில், விளம்பரத்தில், கட்சி மாநாட்டுப் பாட்டில் நாம் கேட்கிற பறை எல்லாம் யாரோ நின்று அடித்த பறை என்று நம்பிக்கொள்ள வேண்டியதில்லை. இந்த மென்பொருள் பறை கோயில் மோட்டார் மேளத்தின் பேரப்பிள்ளை. அதையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க வேண்டியிருக்கிறது. கவிதையையும் கதையையும் வாசித்துச் சாதியைக் கண்டுபிடிக்கிற நாம், கருவிகளை மட்டும் 'டெக்னிக்கல் சமாச்சாரம்' என்று விட்டுவிடுவது ஏன்?

2

தோழர்கள் பலருக்கு இது பழக்கமில்லாத சங்கதி என்பதால் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒலி என்பது காற்றின் அதிர்வு. அந்த அதிர்வை வினாடிக்கு 44,100 தடவை அளந்து ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைத்தால் அதுதான் குறுந்தகட்டில் இருக்கிற பாட்டு. ஒலி எண்ணாகிவிட்ட பிறகு எண்ணை என்னவெல்லாம் செய்யலாமோ அத்தனையும் ஒலியைச் செய்யலாம். கூட்டலாம், பெருக்கலாம், வடிகட்டலாம், இழுக்கலாம், நறுக்கலாம், திருப்பிப் போடலாம். இந்தக் கணக்குக்குத்தான் டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங், சுருக்கமாக டி.எஸ்.பி., என்று பெயர்.

1957இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் கணினிக்கு நிரல் எழுதி இசையை எழுப்பினார். 1983இல் மிடி என்ற பொதுமொழி வந்தது. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்பதை ஒரு கருவி இன்னொரு கருவிக்கு 0 முதல் 127 வரையிலான எண்களால் சொல்லும் மொழி அது. 1996இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்ற முறையைக் கொண்டுவந்தது. பெரிய ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் சின்ன மென்பொருளைச் செருகி ஓட்டலாம். செருகுவதற்குப் பெயர் பிளக்-இன். 1999இல் இந்த முறை விரிவாகி இசைக்கருவிகளே பிளக்-இன்களாக வந்தன. பியானோ, வயலின், தபலா எல்லாம் ஒரு பெட்டிக்குள்.

பிளக்-இன் கருவியைச் செய்வதற்கு இரண்டு வழி. ஒன்று, உண்மையான கருவியை ஒவ்வோர் அடியாகப் பதிவு செய்து, கட்டையை அமுக்கும்போது அந்தப் பதிவை எடுத்துக் கொடுப்பது. இதைச் சாம்பிளிங் என்பார்கள். மற்றது, தோலும் மரமும் குச்சியும் எப்படி அதிர்கின்றன என்று கணக்குப் போட்டு, பதிவே இல்லாமல் கணக்கிலிருந்து ஒலியைப் பிறப்பிப்பது. இரண்டிலும் ஒருத்தன் உட்கார்ந்து, இந்தக் கருவியில் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று முடிவு செய்தாக வேண்டும். விமர்சனத்துக்கு உரிய இடம் அந்த முடிவுதான்.

1991இல் ஜெனரல் மிடி என்று ஒரு பட்டியல் வந்தது. எந்த நிறுவனத்தின் கீபோர்டாக இருந்தாலும் இந்த எண்ணுக்கு இந்தக் கருவி என்று 128 ஒலிகளை வரிசைப்படுத்தினார்கள். அதில் 105ஆவது சிதார். 112ஆவது ஷெனாய். 117ஆவது ஜப்பானின் டைக்கோ மத்தளம். தாளக் கருவிகளுக்கான தனிப் பட்டியலில் பாங்கோவும் காங்காவும் உண்டு. தபலாகூட இல்லை, மிருதங்கம் இல்லை, தவில் இல்லை, பறை இல்லை. இந்தியா என்றால் சிதாரும் ஷெனாயும், அதாவது வடக்கத்திய அரண்மனையும் கல்யாண வாசலும். இதில் சதி எதுவும் இல்லை. கீபோர்டு விற்றவர்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள், தங்கள் சந்தைக்குத் தெரிந்ததைப் போட்டார்கள். ஆனால் 'உலகத்துக்குப் பொதுவானது' என்று ஒரு பட்டியலுக்குப் பெயர் வைத்தால், அதில் இடம் கிடைக்காதவர்கள் உலகத்துக்கு வெளியே நிற்கிறார்கள் என்று அர்த்தம். ஊருக்குப் பொதுக்கிணறு என்று சொல்லிவிட்டு நம்மைத் தள்ளி நிறுத்துகிற கதை நமக்குத் தெரியாததா?

3

பட்டியலில் இடம் பிடிப்பது மட்டும் பிரச்சினை என்றால் ஒரு மனுப் போட்டு முடித்துவிடலாம். பிரச்சினை அதற்கும் கீழே, இசை எது, இரைச்சல் எது என்ற பிரிவினையில் இருக்கிறது.

கம்பி ஒன்றைச் சுண்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து வரும். முழு எண் மடங்குகளாக வருவதால் காதுக்கு ஒரே சுரமாகக் கேட்கும். வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோல் அப்படி இல்லை. அதன் மேல் அதிர்வுகள் 1.59, 2.14, 2.30 என்று முழு எண்ணுக்கு அடங்காத மடங்குகளில் வரும். ஆகவே வெறும் தோலுக்கு உறுதியான சுரம் கிடையாது. 1920இல் சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு எழுதினார்கள். மிருதங்கம், தபலா ஆகியவற்றின் தோலில் நடுவே கருப்புச் சாந்து ஏற்றியிருப்பதால் அதன் அதிர்வுகள் முழு எண் மடங்குகளுக்கு வந்துவிடுகின்றன, மத்தளமாக இருந்தும் கம்பிபோலச் சுரம் தருகின்றன என்பது கண்டுபிடிப்பு. 1934இல் அதை விரிவான கட்டுரையாகவும் ராமன் எழுதினார்.

பௌதிகம் என்ற அளவில் இது உண்மை, மறுக்க எதுவும் இல்லை. ஆனால் அந்த எழுத்தின் தொடக்கப் புள்ளியைக் கவனிக்க வேண்டும். முழு எண்ணுக்கு அடங்காத அதிர்வு ஒரு குறைபாடு, அந்தக் குறைபாட்டை வென்றவையே இசைக்குரிய மத்தளங்கள் என்பது அங்கே முன்கூட்டியே முடிவாகிவிட்ட விஷயம். இந்த முடிவு பௌதிகத்திலிருந்து வரவில்லை. சுருதி சுத்தமே சங்கீதம் என்று பழகிய காதிலிருந்து வருகிறது. 1.59 என்ற எண்ணில் தீட்டு எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அதைக் குறை என்று சொல்வது சபாவில் உட்கார்ந்திருக்கிற காது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கருப்புச் சாந்தை அளவு பார்த்து ஏற்றியவர் யார்? மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல் என்று தேர்ந்தெடுத்து மிருதங்கத்தை மூட்டியவர் யார்? டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல், மிருதங்கம் செய்கிறவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள் என்பதைக் குடும்பம் குடும்பமாகப் பேசுகிறது. அந்த நூலின் வெளியீட்டுக்குத் தந்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. சத்தம் வேண்டும், தோல் பற்றிய பேச்சு வேண்டாம். விஞ்ஞானி கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததை அதற்கு முன்பே கையால் தட்டித் தட்டிக் கண்டுபிடித்து வைத்திருந்தவர்கள் அந்தக் கைவினைஞர்கள். ஒருவர் பெயர் அறிவியல் வரலாற்றில் இருக்கிறது. மற்றவர்களின் அறிவுக்கு 'குலத்தொழில்' என்று பெயர்.

கணினி இந்தப் பிரிவினையை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. 2011 முதல் 2017 வரை ஸ்பெயினின் பார்சிலோனாவை மையமாக வைத்து காம்ப்மியூசிக் என்ற பெரிய ஆய்வு நடந்தது. மேற்கத்திய இசையை மட்டும் வைத்துக் கணினி இசை ஆய்வு செய்வது போதாது, உலகத்தின் மற்ற இசைகளையும் சேர்க்க வேண்டும் என்ற நல்ல நோக்கம். எடுத்துக்கொண்ட ஐந்து மரபுகளில் தெற்கிலிருந்து போனது கர்நாடக சங்கீதம். ஐ.ஐ.டி. சென்னை ஆய்வாளர்கள் மிருதங்க அடிகளை அதன் அதிர்வு முறைகளைக் கொண்டு பகுத்து 2013இல் ஆய்வு வெளியிட்டார்கள். மிருதங்கத்தின் பத்து வகை அடிகள், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனிப் பதிவுகள், யாரும் எடுத்து ஆராயலாம் என்று திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன. வேலை தரமானது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மேற்கின் ஆதிக்கத்தை உடைக்கக் கிளம்பியபோது, 'தமிழ்நாட்டின் இசை' என்று கையெழுத்துப் போட யார் போனார்கள்? வெளியிலிருந்து பார்த்தால் விளிம்பு, உள்ளிருந்து பார்த்தால் மையம். மேற்கிடம் இடஒதுக்கீடு கேட்டு வாங்கிக்கொண்டு வந்து இங்கே முழு இடத்திலும் உட்கார்ந்துகொள்கிற சாமர்த்தியம் சங்கீதத்திலும் உண்டு.

4

இனி மென்பொருள் பறைக்கு வருவோம். ஒரு பறைப் பிளக்-இன்னை எப்படி மதிப்பிடுவது? 'ஒரிஜினல் மாதிரியே இருக்குதுங்க' என்பது விமர்சனம் ஆகாது.

முதலில் தீ. பறையை அடிக்கும் முன் தீயில் காட்டுவார்கள். சூட்டில் தோல் இறுகும். சத்தம் கணீரென்று ஏறும். அடிக்க அடிக்கச் சூடு இறங்கும். பனிக்காற்றில் தோல் தளரும். சத்தம் 'தொப்' என்று விழும். மறுபடி வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள். ஒரு ஊர்வலத்தில் ஒரே பறைக்குப் பல குரல். சாம்பிள் எடுக்கிறவர் அதில் உச்சச் சூட்டில் இருக்கிற ஒரு கணத்தைப் பிடித்து, அதையே என்றென்றைக்கும் பறை என்று வைத்துவிடுகிறார். இது தோல் தளராத, தீயில் காயத் தேவையில்லாத பறை. காலம் அதிலிருந்து உருவப்பட்டுவிட்டது. ஃபைபர் தோலும் இரும்பு வளையமும் போட்ட பறைகளை இப்போது நம் கலைக்குழுக்களே வைத்திருக்கின்றன, மழையிலும் அடிக்கலாம். அதில் தப்பில்லை. ஆனால் அது கலைஞர் தன் வசதிக்குத் தேர்ந்துகொண்ட மாற்றம். மென்பொருளில் அந்தத் தேர்வே கிடையாது.

இரண்டாவது குச்சி. பறைக்கு இரண்டு குச்சி: குட்டையாய்த் தடித்த அடிக்குச்சி, நீளமாய் மெலிந்த சிம்புக்குச்சி. ஒன்று எழுப்பிய அதிர்வு அடங்குவதற்குள் மற்றது அதே தோலில் விழுகிறது. சாம்பிளிங்கில் இந்த அடியைத் தனியாக, அந்த அடியைத் தனியாகப் பதிவு செய்து, பிறகு ஒன்றின் மேல் ஒன்றைக் கூட்டுகிறார்கள். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிற தோலில் விழுகிற அடியும், சும்மா கிடக்கிற தோலில் விழுகிற அடியும் ஒன்றல்ல. மேலும் பறை மேசையில் இருப்பதில்லை. தோளில் தொங்கி, கையில் அணைந்து, ஆடுகிற உடம்போடு சேர்ந்து ஆடுகிறது. உடம்பும் அந்தக் கருவியின் ஒரு பாகம். உடம்பைக் கழித்துவிட்டுப் பதிவு செய்தால் மிஞ்சுவது மரச்சட்டம்.

மூன்றாவது கூட்டம். ஐந்து பறை, ஆறு பறை சேர்ந்தால்தான் அது ஆட்டம். ஆறு பேரும் ஆறு விதமாய்க் காய்ச்சிய தோல், ஆறு விதமான கை, மயிரிழை முன்னும் பின்னும். மென்பொருளில் ஒருத்தர் அடியை ஆறு படி எடுத்துக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போட்டு 'கூட்டம்' செய்கிறார்கள். பிறகு அந்த மயிரிழை வித்தியாசத்தையும் கட்டம் போட்டு நேர்ப்படுத்த ஒரு பொத்தான் உண்டு. வரிசையில் நில் என்கிற பொத்தான்.

நான்காவது இடம். ஓர் அரங்கின் எதிரொலியை அளந்து எடுத்து வேறு ஒலியின் மேல் ஏற்றுகிற நுட்பம் டி.எஸ்.பி.யில் உண்டு. ஐரோப்பியத் தேவாலயங்களின் எதிரொலி கிடைக்கும். பெரிய சங்கீத அரங்குகளின் எதிரொலி கிடைக்கும். பறை ஒலிக்கிற இடம் வெட்டவெளி, தெரு, சுடுகாட்டுப் பாதை. அதன் ஒலி எதில் பட்டுத் திரும்ப வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை. பறையைக் கொண்டுபோய்த் தேவாலயத்துக்குள் வைத்து 'பிரம்மாண்டம்' செய்கிறார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கோளாறு அலகில் இருக்கிறது. சாம்பிளருக்கு அலகு ஒற்றைத் தட்டு. பறையடிக்கிறவர்களுக்கு அலகு 'அடி'. சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மாரடிப்பு அடி, ஒத்தையடி, பாடம் அடி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, இடம் உண்டு, எப்போது அடிக்கலாம், எப்போது அடிக்கக்கூடாது என்ற அறிவு உண்டு. 'சினிமா அடி' என்றே ஓர் அடி இருக்கிறது. நம்மாட்கள் சினிமாவைக் கேட்டு எடுத்துக்கொண்டு அதை ஒளிக்காமல் பெயரும் வைத்திருக்கிறார்கள். கடன் வாங்கினால் யாரிடம் வாங்கினோம் என்று சொல்கிற நேர்மை அது. விற்பனைக்கு வருகிற தொகுப்பில் அதே அடி 'பறை லூப் 07, 120 பி.பி.எம்.' என்கிற மாதிரி ஒரு நம்பராக மாறுகிறது. மாரடிப்புக்கு உரியது விளம்பரத்தில் குளிர்பானம் விற்கிறது. பறை என்ற சொல்லுக்கே சொல்லுதல் என்று பொருள்; மலையாளத்தில் இன்றும் அதுதான் புழக்கம். சொன்னதை எடுத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் வைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் லூப்.

இந்த ஒலிகளை அடுக்கி வைக்கிற அலமாரியையும் பாருங்கள். மிருதங்கத்துக்கு 'கிளாசிக்கல்' என்று ஒரு தட்டு. நம்முடையதற்கு 'எத்னிக்', 'டிரைபல்' என்று தட்டு. தமிழ்ச் சினிமாவில் அதற்கு இன்னும் சுருக்கமான பெயர்: குத்து. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்துச் சொல்கிறது. நிலத்துக்கு ஒரு பறை என்று இருந்தது. எப்போது அது 'டிரைபல்' ஆச்சு என்று கேட்டால் பதில் கணினியில் இல்லை.

5

அடித்தவர் யார்? ஒலித்தொகுப்புகளின் விவரக் குறிப்பில் எந்த மைக், எந்தக் கூடம், எத்தனை பிட் என்பதெல்லாம் இருக்கும். அடித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. விற்பனைக்குச் சொல்கிற கவர்ச்சியான வார்த்தை 'ராயல்டி ஃப்ரீ'. யாருக்கு ஃப்ரீ? வாங்குகிறவன் ஒருமுறை காசு கொடுத்துவிட்டு ஆயிரம் பாட்டில் போட்டுக்கொள்ளலாம். கொடுத்தவருக்கு அன்றைய கூலியோடு கணக்கு முடிந்தது. களத்துமேட்டில் நெல் அளந்தபோது நடந்த கணக்குதான்.

அமெரிக்காவில் கறுப்பினத் தோழர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 'ஆமென், பிரதர்' என்று ஒரு பாட்டை இசைத்தட்டின் பின்பக்கத்தில் பதிவு செய்தது. அதில் டிரம்ஸ் கலைஞர் கிரிகரி கோல்மன் தனியாக அடிக்கிற ஏழு வினாடிக்கும் குறைவான ஒரு துண்டு வருகிறது. சாம்பிளர்கள் வந்த பிறகு அந்தத் துண்டு ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குள் போனது. அதன் மேல் இசை வகைகளே எழுந்தன. கோல்மனுக்கு ஒரு காசு வரவில்லை. 2006இல் வறுமையில் செத்தார். 2015இல் சிலர் பொதுவில் வசூல் செய்து, பாட்டின் உரிமையாளர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார்கள். அடித்தவர் அப்போது உயிரோடு இல்லை.

நம் நாட்டில் சட்டம் இருக்கிறது என்பதை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் நிகழ்த்துகிறவர் உரிமை சேர்க்கப்பட்டது. இப்போது அதன் காலம் 50 ஆண்டுகள். 2012 திருத்தத்தில் வந்த 38ஏ பிரிவு, நிகழ்த்துதலை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் கலைஞருக்கு ராயல்டி உண்டு என்கிறது. 38பி, நிகழ்த்தியவர் இவர் என்று அடையாளம் காட்டக் கோரும் உரிமையைத் தருகிறது. சாமிச்சாட்டு அடி ஊர்ச்சொத்து, அதற்குத் தனி உரிமையாளர் இல்லை என்று வாதாடலாம். ஆனால் குறிப்பிட்ட ஒருவர் மைக் முன்னால் நின்று அடித்த அந்த அடி ஒரு நிகழ்த்துதல். அவர் பெயரைப் போடுவது பெருந்தன்மை அல்ல. கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டுகிற இங்கிலீஷ் காகிதத்தில் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று படித்துச் சொல்ல நம் வழக்கறிஞர் தோழர்கள் ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் போதும்.

6

இங்கே ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். பறையடிப்பதையே விட்டொழிக்க வேண்டும் என்று சேரிகள் போராடியிருக்கின்றன. எழவுக்கு அடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று மறுத்ததற்காக அடிபட்டவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், 1990களில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு போன்றவர்களும், கே.ஏ. குணசேகரனும், திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்களும் இழிவு என்று சொல்லப்பட்ட அதே பறையை மேடையில் ஏந்தினார்கள். ராஜ் கௌதமன் 'தலித் பண்பாடு' எழுதிய 1993லிருந்து இந்த விவாதம் நம் பத்திரிகைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2018இல் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு பறையையும் கித்தாரையும் மின்னணு ஒலிகளையும் ஒரே மேடையில் நிறுத்தியது. 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது வந்துவிட்டது என்பதற்காக ஊருக்குள் ஊழியம் நின்றுவிடவில்லை.

அப்படியானால் எந்திரம் அடிக்கட்டுமே, நம்ம பையன் தப்பித்துக்கொள்ளட்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குக் கொங்கு நாட்டுக்கு ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. கவலை இறைத்த காலத்தில் கிணற்றுச் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் மாதாரிகள். அவர்கள் இல்லாமல் தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லை. 1932இல் பைகாரா மின்சாரம் வந்தது; பின்னால் கிணறு கிணறாக மோட்டார் ஏறியது; தோல் சால் மறைந்தது. கோவை மாவட்ட மாதாரிகளைப் பற்றி குன்னெல் சேடர்லோஃப் 1997இல் வெளியிட்ட 'பாண்ட்ஸ் லாஸ்ட்' என்ற ஆய்வு, பாசனத்தில் வந்த இந்த மாற்றம் பண்ணாடிகளுக்கும் மாதாரிகளுக்கும் இருந்த கட்டு அறுந்துபோனதில் எவ்வளவு பங்கு வகித்தது என்று காட்டுகிறது. கட்டு அறுந்தது நல்லதுதான். ஆனால் கட்டோடு சேர்ந்து தோல் தைக்கிற கையின் மதிப்பும் அதற்கு உரிய தானியமும் போயின. டம்ளர் மட்டும் டீக்கடையில் தனியாகவே இருந்தது. தோல் போச்சு, தீட்டுப் போகலை.

ஆகவே எந்திரம் வரலாமா கூடாதா என்பது கேள்வியே அல்ல. அது எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதே கேள்வி. நாம் வேண்டியது, ஊழியத்தை எந்திரம் எடுத்துக்கொள்ளட்டும், இசை நம்மிடம் இருக்கட்டும் என்று. நடப்பது தலைகீழ். இசையை எந்திரம் எடுத்துக்கொண்டது. ஊழியத்தை நம்மிடம் விட்டுவிட்டது. கல்யாண மண்டபத்துக்கு டி.ஜே., கோயிலுக்கு மோட்டார் மேளம், சினிமாவுக்குச் சாம்பிள். எழவு வீட்டுக்கு மட்டும், ராத்திரி பதினோரு மணிக்கு ஆள் அனுப்பி, 'டேய், வாடா' என்று உயிருள்ள மனுசன்.

7

பிறகு என்ன செய்வது? மென்பொருளைப் புறக்கணிப்போம் என்று தீர்மானம் போடுவது சுலபம். அதனால் ஒரு பயனும் இல்லை. கருவி செய்கிற அறிவு நம் வீட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கோவையைச் சுற்றி இருக்கிற பொறியியல் கல்லூரிகளில் மின்னணுவியல் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் டி.எஸ்.பி. பாடம் எழுதித்தான் வெளியே வருகிறார். 2009இல் வந்த 3 சதவீத அருந்ததியர் உள்ஒதுக்கீட்டில் கல்லூரிக்குப் போன பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. அலைமாற்றுக் கணக்கும் வடிகட்டிக் கணக்கும் தெரிந்த அண்ணனும், அடியின் பெயர் தெரிந்த அப்புச்சியும் ஒரே வீட்டில் இருக்கிற முதல் தலைமுறை இது. இரண்டு அறிவும் ஒன்றையொன்று சந்திக்காமல் போனால் நஷ்டம் யாருக்கு?

கருவிகளுக்குக் காசு வேண்டியதில்லை. ப்யூர் டேட்டா, ஃபௌஸ்ட் போன்ற நிரல்மொழிகள் கட்டற்ற மென்பொருளாகவே கிடைக்கின்றன. ஒலிப்பதிவு செய்து நறுக்க ஆடாசிட்டி போதும். இவற்றைக் கொண்டு ஒரு பறை, ஒரு துடும்பு, ஒரு உறுமி செய்ய முடியும். அதில் 'தீ' என்று ஒரு திருகு இருக்கட்டும்: காய்ச்சி எத்தனை நிமிசம் ஆச்சு என்பதைப் பொறுத்துத் தோல் தளரட்டும். கூட்டத்துக்கு ஆறு பேரை ஆறு பேராகவே பதிவு செய்யட்டும். பெண்கள் அடித்ததும் அதில் இருக்கட்டும். கோப்பின் பெயரில் நம்பர் வேண்டாம்; அடியின் பெயர், ஊரின் பெயர், அடித்தவர் பெயர், அவர் விரும்பினால். வருகிற காசில் பங்கு எவ்வளவு என்று பதிவுக்கு முன்னால் தமிழில் எழுதிப் படித்துக் காட்டட்டும். மாரடிப்பு அடியைப் பதிவு செய்ய வேண்டாம் என்று வளவுப் பெரியவர்கள் சொன்னால் அது பதிவாகாமலே இருக்கட்டும். எதைக் கொடுக்க மாட்டோம் என்று சொல்கிற உரிமை இல்லாதவரை, கொடுப்பதெல்லாம் ஊழியக் கணக்கில்தான் சேரும்.

இது பழைமையைப் பாதுகாக்கிற வேலை அல்ல. அருங்காட்சியகத்தில் பறையை மாட்டி வைக்கிற வேலையை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். ஜமாப் அடிக்கிற கொங்கு இளைஞர்கள் பழைய அடியையும் புதிய பாட்டையும் கலந்து தெருவையே அதிர வைக்கிறார்கள். அவர்களிடம் போய் எது சுத்தம் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அவர்கள் கையில் அவர்களே செய்த மென்பொருளும் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

டி.எஸ்.பி. ஆய்வகத்தில் வழக்கமாகத் தருகிற ஒரு பயிற்சி உண்டு: 'கொடுத்திருக்கும் சிக்னலிலிருந்து இரைச்சலை நீக்கு.' படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். வடிகட்டியை எழுதும் முன்னால், எது இரைச்சல் என்று முடிவு செய்தவர் யார் என்று அந்த ஆய்வகத்திலேயே எழுந்து கேளுங்கள். மார்க் குறையாது. குறைந்தாலும் கேளுங்கள்.